மேல இருக்கிற பேரு

குண்டு கிண்டு ஒண்ணும் இல்ல டீச்சர், பயப்படாம உக்காருங்க. கம்ப்யூட்டர் பெட்டி. சி.பி.யூ.ன்னு சொல்லுவாங்கல்ல, அதுதான். துண்டைச் சுத்தி மடியில வச்சிருக்கதைப் பாத்துட்டு கண்டக்டரும் இதையேதான் கேட்டாரு. மேல தூக்கி வைங்கன்னாரு. மேல வச்சு, டிரைவர் பிரேக்கை ஒரு மிதி மிதிச்சா என்ன ஆகும்? பதினெட்டு வருசம் இதுக்குள்ள கெடக்கு, பாத்துக்கிடுங்க. நீங்க டீச்சர்தானே? பரீட்சைப் பேப்பர் கட்டு கையில இருக்கே, அதை வச்சுத்தான் கேட்டேன்.

போன் அடிக்குதுல்ல? அடிக்கட்டும். யாருன்னு தெரியும். கடையில என்கூட வேலை பாக்கிற பிள்ளை, பிருந்தான்னு பேரு. காலையில இருந்து இது ஆறாவது தடவை. நான் எடுக்கப் போறதில்ல. நான் திருநவேலி போறேன், வண்ணாரப்பேட்டையில எங்க முதலாளிக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு, செத்துப்போன டிஸ்க்குல இருந்துகூட ஃபைலை எடுத்துக் குடுப்பாங்களாம். அங்க இதைக் காட்டிட்டு வரணும். அதுக்கு இவ எதுக்கு?

எனக்குக் கோவில்பட்டிதான். பேரு செண்பகவல்லி. ஊர்ல தெருவுக்கு நாலு பேருக்கு இந்தப் பேரு இருக்கும், ஆனா பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து பத்திரிகை அடிக்கிற செண்பகம்னு கேட்டா என்னையத்தான் காட்டுவாங்க. முத்தாரம்மன் கிராபிக்ஸ். பதினெட்டு வருசமா அங்க டைப் அடிக்கேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா எல்லாம் என் கையிலதான் ஆரம்பிக்கும்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிறதுல என்ன பெரிய கஷ்டம்னு நினைப்பீங்க. டைப் அடிக்கிறது யாரு வேணும்னாலும் அடிப்பாங்க. கஷ்டம் எல்லாம் பேருலதான். யாரு பேரு மேல, யாரு பேரு கீழ. பெரியப்பாவுக்கு அப்புறம் சித்தப்பாவா, இல்ல மூத்த மருமகனா? செத்துப்போன மாமாவோட பேரை எங்க போட? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வரிசை இருக்கு, அதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். அண்ணாச்சி, எங்க முதலாளி, செல்லத்துரை அண்ணாச்சி, அவரே உக்காந்து அடிச்சாரு. ரெண்டாவது தாய்மாமன் பேரை மூத்த தாய்மாமனுக்கு மேல போட்டுட்டாரு. ரெண்டு பேருக்கும் ஒரு வயசுதான் வித்தியாசம். மூத்தவரு தாம்பாளத்துல இருந்து பத்திரிகையைக் கையில எடுக்கவே இல்ல, வந்த வழியே திருப்பி அனுப்பிட்டாரு. முழுக்க மறுபடி அடிச்சோம். அன்னையில இருந்து அண்ணாச்சி கீபோர்டைத் தொட மாட்டாரு. செண்பகம் பாத்தாச்சான்னு கேப்பாரு. நான் பாத்தாச்சுன்னு சொன்னாத்தான் மிஷினுக்குப் போகும்.

அப்படி இருந்த கடை, டீச்சர். எட்டு மாசத்துக்கு முன்னால இவ வந்தா.

இருபத்திமூணு வயசு இருக்கும். காலேஜ்ல கம்ப்யூட்டர் படிச்சவ. மெலிஞ்ச கை, சத்தம் வராத பேச்சு. நான் என்ன சொன்னாலும் சரிக்கான்னு சொல்லுவா. எதிர்த்துப் பேசுற பிள்ளைகூடக் குடும்பம் நடத்தலாம், சரிக்கா சரிக்கான்னு சொல்லுறவகிட்ட என்னன்னு சண்டை போட? வந்த மூணாவது வாரமே அண்ணாச்சி ஆரம்பிச்சுட்டாரு. செண்பகம், இந்தப் பிள்ளை செஞ்சதைப் பாத்தியா? செண்பகம், இது நமக்கு இத்தனை நாளா தெரியலையே. நமக்குன்னு சொல்லுவாரு, பாத்துக்கிடுங்க. தெரியாம இருந்தது நானாம்.

எங்க கம்ப்யூட்டரு பழசு. போட்டோ வச்சு டிசைன் போட்டா அது யோசிச்சு யோசிச்சுத்தான் செய்யும். அதோட இப்ப எல்லாரும் பத்திரிகையைப் போன்ல அனுப்பக் கேக்காங்க. நான் அடிச்ச எழுத்தை அப்படியே போனுக்கு அனுப்பினா கோழி கிண்டுன மாதிரி தெரியும், ஏன்னா அது பழைய ஃபாண்டு. அதுக்கு இவ ஒரு வழி சொன்னா. தும்பைன்னு ஒரு புது ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்காம். நம்ம பக்கத்துப் பசங்க பிள்ளைங்க பத்துப் பதினஞ்சு பேரு சேந்து செய்யுறாங்களாம், இவளும் அதுல ஒருத்தியாம். இன்னும் முழுசா முடியலை, சோதனையிலதான் இருக்கு, ஆனா பழைய சிஸ்டத்தை ஒண்ணும் செய்யாது, அதுக்குப் பக்கத்துலயே இதையும் போட்டுக்கிடலாம்னா. எது வேணுமோ அதுக்குள்ள போயி வேலை பாக்கலாமாம்.

அண்ணாச்சிக்கு இதெல்லாம் புரியாது. புரியாததுக்கு நல்ல நேரம் பாப்பாரு. வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிஞ்சு பன்னெண்டு மணிக்கு மேல வச்சுக்கிடுவோம்னாரு. சி.பி.யூ.வுக்குச் சந்தனம் குங்குமம் வச்சாரு. அவ கொண்டாந்த பென்டிரைவுக்கும் ஒரு பொட்டு வச்சாரு. நான் பதினெட்டு வருசத்துக்கு முன்னால முதமுதல்ல அந்தக் கடையில உக்காந்தப்ப ஒரு பொட்டும் வைக்கலை, சுவிட்சு எங்க இருக்குன்னு மட்டும் காட்டினாரு.

டிஸ்க்கைப் பிரிக்கணும்னா. ஸ்கிரீன்ல நீளமா ஒரு பட்டை வந்துச்சு, நடுவுல பிடிச்சு இழுக்கிற மாதிரி ஒரு கோடு. எவ்வளவு வேணும் அண்ணாச்சின்னு கேட்டா. அவரு கொஞ்சங்கூட யோசிக்கலை, பாதிப் பாதி போட்டுரும்மான்னுட்டாரு. நான் குடியிருந்த வீட்டுல நடுவுல சுவரு எழுப்பி, நேத்து வந்தவளுக்குப் பாதியைக் குடுத்த மாதிரி இருந்துச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? அவதான் திரும்பிப் பாத்து, உங்களுக்குச் சரியாக்கான்னு கேட்டா. கேக்கலைன்னு சொல்லலை. கோடு இழுத்த பிறகு கேட்டா.

பொறாமைன்னு நினைச்சுக்கிடாதீங்க டீச்சர். இருபத்திமூணு வயசுப் பிள்ளைமேல எனக்கு என்ன பொறாமை.

மறுநாள் காலையில சுவிட்சைப் போடுதேன், கறுப்புல ரெண்டு வரி வருது. மேல தும்பை. கீழ நம்ம பழைய சிஸ்டம். ஓரத்துல பத்து, ஒன்பது, எட்டுன்னு நம்பர் ஓடுது. பத்து செகண்டுக்குள்ள யாரும் தொடலைன்னா மேல இருக்கிறதுக்குள்ள போயிரும். நமக்கு வேணும்னா கீழ்ப்பக்க அம்புக்குறியை அமுக்கி, கீழ இறங்கிப் போயி நம்ம வீட்டுக்குள்ள நுழையணும். அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூத்தது கீழ கெடக்குது பாருங்கன்னேன். அவருக்கு உடனே புரிஞ்சுட்டு, பத்திரிகைக்காரர்லா. மாத்திரும்மான்னாரு. அவ சிரிச்சுக்கிட்டே சரிக்கான்னு மாத்தினா. எதுக்குச் சிரிச்சா?

நாலு நாளு கழிச்சுப் பாத்தா, தும்பை மறுபடி மேல. கேட்டா, அப்டேட் ஆகும்போது அதுவா அப்படி மாறிக்கிடும்க்கா, இன்னும் சோதனையிலதானே இருக்கு, சரிபண்ணிருவோம்னா. எங்கேயாவது ஒரு பேரு தானா மேல ஏறுமா டீச்சர்? பதினெட்டு வருசத்துல நான் பாத்ததில்ல. யாராவது ஏத்தினாத்தான் ஏறும். அதுக்குப் பிறகு தினமும் ஒன்பதரைக்குத் திறக்கிற கடைக்கு நான் ஒன்பது மணிக்கே போயிருவேன், அவ வர்றதுக்குள்ள சுவிட்சைப் போட்டு, அம்புக்குறியில விரலை வச்சுக்கிட்டு நிப்பேன்.

இதைக் கேளுங்க. நான் டைப் அடிக்கும்போது என் கையையே பாத்துக்கிட்டு இருப்பா. நோட்டுல என்னமோ குறிப்பா. நான் அந்தக் காலத்து டைப்ரைட்டிங் ஹையர். கொம்பை முதல்ல அடிச்சுட்டுத்தான் எழுத்தை அடிப்பேன், கை அப்படித்தான் போகும். தும்பையில எழுத்தை அடிச்ச பிறகுதான் கொம்பு. எனக்கு அது வரவே இல்ல, ரெண்டு வரி அடிக்கிறதுக்குள்ள ஏழு தப்பு. அவ முன்னால தப்புப் பண்ணப் பிடிக்காம எந்திரிச்சுட்டேன். அதுக்கப்புறந்தான் இந்தப் பாக்குற வேலை. தொழிலைத் திருடப் பாக்கான்னு நினைச்சு, அவ பக்கம் வந்தாலே கையை மடியில வச்சுக்கிடுவேன்.

என்ன செஞ்சிருந்தா தெரியுமா? என் கை எப்படிப் போகுமோ அப்படியே ஒரு கீபோர்டை அதுக்குள்ள செஞ்சு வச்சிருந்தா. கொம்பு முதல்ல, ஸ்ரீ நான் அடிக்கிற இடத்துல, எல்லாம் அப்படியே. அதுக்குச் செண்பகம்னு என் பேரையே போட்டிருந்தா. யாரைக் கேட்டுப் போட்டா? என் கையை எடுத்து ஒரு மிஷினுக்குள்ள வச்சா, பிறகு நான் எதுக்கு? அண்ணாச்சி கடைக்கு வர்ற ஆளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுதாரு. செண்பகம் பேரு இனி சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகுதுன்னு சொல்லுதாரு. நான் கிட்டப் போயிப் பாத்தேன். கீபோர்டு லிஸ்ட்டு நீளமா இருக்கு. என் பேரு பத்தாவது.

பத்தாவது, டீச்சர். கேட்டா, அகரவரிசைப்படி தானா வந்திருக்குக்கான்னு சொல்லுதா. பேரைக் கீழ போடுறவங்க எல்லாரும் ஏதாவது ஒரு வரிசையைச் சொல்லத்தான் செய்வாங்க. நானே எத்தனை வீட்டுல சொல்லியிருக்கேன்.

ஆனா கேளுங்க, ஒரு நாளு அவ சாப்பிடப் போனப்ப அதுல அடிச்சுப் பாத்தேன். ஒரு தப்பு வரலை. என் கையை அது அப்படியே தெரிஞ்சு வச்சிருந்துச்சு. அவ வர்றதுக்குள்ள நான் அடிச்ச அஞ்சு வரியையும் அழிச்சுட்டேன். நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரலை.

கயத்தாறு வந்துட்டா? வெயிலு இந்தப் பக்கந்தான் அடிக்கும், ஜன்னல் ஸ்கிரீனை இழுத்து விட்டுக்கிடுங்க.

இந்த வாரம் என்ன ஆச்சுன்னா, மரக்கடைக்காரர் வந்தாரு. எட்டயபுரம் ரோட்டுல மரக்கடை வச்சிருக்காரு, அவரு வீட்டு மூணு கல்யாணத்துக்கும் நான்தான் பத்திரிகை. அவங்க குடும்பத்துல எட்டுச் சித்தப்பா, எட்டுப் பேரையும் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். இப்ப நாலாவது மகளுக்கு. படி ஏறி வந்தவரு என்னையப் பாத்து, சவுக்கியமா செண்பகம்னாரு. சந்தோசமா எந்திரிச்சேன். அடுத்த வார்த்தை, அந்தப் பிள்ளை எங்கன்னு கேட்டாரு. போன்ல எழுத்து உடையாம அழகா வருதாமே, அவளையே செய்யச் சொல்லுன்னாரு. அவ மதுரையில அத்தை வீட்டு விசேசத்துக்குப் போயிருக்கா, ரெண்டு நாளு லீவுன்னேன். சரி, வந்த பிறகு வாரேன்னு போயிட்டாரு. நான் நின்னுக்கிட்டு இருக்கேன், டீச்சர். எட்டுச் சித்தப்பாவும் என் வாயில நிக்காங்க. அவரு போயிட்டாரு.

அது நேத்து காலையில. மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போனாரு. கடையில நான் மட்டும். அவ அன்னைக்கு டிஸ்க்கைப் பிரிச்சதை நானும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். பழைய சிஸ்டத்துக்குள்ள போயி, அந்தப் பட்டை வர்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடிச்சேன். நம்ம பாதிக்குப் பேரு இருந்துச்சு. அவ பாதிக்குப் பேரே இல்ல, வெறும் பட்டை. பேரில்லாததைப் பாத்ததும் எனக்கு மனசு எவ்வளவு குளிர்ந்துச்சு தெரியுமா? அதைத் தொட்டு அழின்னு குடுத்தேன். உள்ளதெல்லாம் போயிரும், நிச்சயமான்னு கேட்டுச்சு. நிச்சயம்னு அமுக்கினேன். ஒரு நிமிசம்கூட ஆகலை. எட்டு மாசத்துக்கு அப்புறம் நேத்துத்தான் நிம்மதியா மூச்சு விட்டேன்.

இனிமே ரெண்டு வரி வராது, நேரா நம்ம வீட்டுக்குள்ள போயிரலாம்னு ஆஃப் பண்ணிப் போட்டேன். ஒண்ணும் வரலை. கறுப்பு. ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை, ரெஸ்க்யூன்னு. அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நாலு தடவை ஆஃப் பண்ணிப் போட்டேன், நாலு தடவையும் அதேதான். ரெண்டு வீட்டுக்கும் வாசல் கதவு அவ பக்கத்துலதான் இருந்திருக்கு, டீச்சர். அது எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி வந்ததும் கம்ப்யூட்டர் வரலைன்னு மட்டும் சொன்னேன். பொய் சொல்லலை, வரலைதானே. எல்லாம் அந்தச் சோதனைச் சனியன் போட்டதால வந்த வினைன்னு அவரா சொன்னாரு. நான் தலையை ஆட்டலை, ஆனா இல்லைன்னும் சொல்லலை. நானே திருநவேலிக்குக் கொண்டு போறேன் அண்ணாச்சின்னேன். உனக்குத்தான் கடை மேல எவ்வளவு அக்கறைன்னாரு. யாரு அழிச்சதுன்னு அந்தக் கடைக்காரங்களுக்குத் தெரிஞ்சு, அது அண்ணாச்சி காதுக்குப் போயிரக் கூடாதே. அதுக்குத்தான் கூடப் போறேன்.

மறுபடி அடிக்கா பாருங்க. ஏழாவது தடவை. நீங்க சொல்லுதீங்கன்னு எடுக்கேன். ஏழு தடவை கூப்பிட்டவ என்ன சொல்லப் போறாளோ. ஆங், சொல்லும்மா. பஸ்ல இருக்கேன். கேக்குது, சொல்லு. ம். ம். சரி. அழாத. சரிம்மா. சொல்லுதேன். வைக்கேன்.

கங்கைகொண்டான் தாண்டிட்டாப்புல இருக்கே. சீக்கிரம் வந்துரும்போல.

ஒண்ணும் இல்ல டீச்சர். அண்ணாச்சி அவளுக்குப் போன் போட்டாராம். இனிமே கடைப்பக்கம் வரவேண்டாம்னுட்டாராம். அதுக்கு இவ என்ன சொன்னா தெரியுமா? முந்தாநாள் நான்தான் ஒரு அப்டேட் போட்டேன், அதாலதான் இப்படி ஆயிருக்கும், என் தப்புதான்னு சொல்லியிருக்கா. அப்படியே நம்புதா, பாத்துக்கிடுங்க. என்கிட்ட மன்னிப்புக் கேக்கா. உங்க பதினெட்டு வருச ஃபைலுக்கு ஆபத்து வர வச்சுட்டேனேக்கா, பயப்படாதீங்க, உங்க பக்கத்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுங்கா. இதைச் சொல்லத்தான் காலையில இருந்து கூப்பிட்டாளாம்.

பிறகு ஒண்ணே ஒண்ணு கேட்டா. அந்தக் கடைக்காரங்ககிட்ட என் பக்கத்தை மட்டும் அழிச்சுறாம பாத்துக்கிடச் சொல்லுங்கக்கா, ரெண்டு மாசமா நான் செஞ்சது அதுலதான் இருக்கு, இன்னும் யாருக்கும் அனுப்பலை, எங்க வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாதேன்னா. ஒரு பென்டிரைவுல போட்டு வைங்க, கடைக்கு வர மாட்டேன், உங்க வீட்டுக்கு வந்து வாங்கிக்கிடுதேன்னா. நான் சரின்னேன். வேற என்னத்தச் சொல்ல?

ஏன் அப்படிப் பாக்கீங்க? செத்த டிஸ்க்குல இருந்தும் எடுப்பாங்கன்னுதானே சொன்னாங்க, அதையும் எடுத்துருவாங்க. எடுக்கணும்னா என்ன நடந்துச்சுன்னு உள்ளதைச் சொல்லணும், அதான். சொன்னா அவங்க அண்ணாச்சிகிட்ட சொல்லுவாங்க. அவளைத் திரும்பக் கூப்பிடுவாரு. அவ வந்து உக்காருவா, சரிக்கான்னு சொல்லுவா, மறுபடி அவ மேல, நான் கீழ.

பொறாமைதான் டீச்சர். உங்ககிட்ட என்ன மறைக்க, நாளைக்கு என் முகத்தைப் பாக்கப் போறீங்களா நீங்க. நெஞ்செல்லாம் எரியுது. அவ சின்னப் பிள்ளையா இருக்கதைப் பாத்து எரியுது. தப்புப் பண்ணாம இருக்கதைப் பாத்து எரியுது. பண்ணாத தப்புக்கு இப்பிடி மன்னிப்புக் கேக்கால்லா, அதைக் கேட்டா அதைவிட எரியுது. அவ இடத்துல நான் இருந்தா கேட்டிருக்க மாட்டேன்.

ஆனா வேலை போகணும்னு நான் நினைக்கலை. சாமி சத்தியமா அதை நினைக்கலை. கீழ இருந்தாப் போதும்னுதான் நினைச்சேன்.

நீங்களே அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்களேன் டீச்சர். அந்தப் பிள்ளை மேல தப்பு இல்ல, அவளை அனுப்பாதீங்கன்னு மட்டும். நீங்க படிச்சவங்க, உங்க பேச்சைக் கேப்பாரு. என் போன்ல இருந்து வேண்டாம், அங்க என் பேரு விழும். உங்க போன்ல இருந்து போடுங்க. யாரு அழிச்சதுன்னு கேட்டா, தெரியாத்தனமா ஒருத்தங்கன்னு சொல்லிருங்க. என் பேரு மட்டும் வேண்டாம். எங்கேயும் வேண்டாம்.

நம்பர் சொல்லுதேன், அடிங்க. தொண்ணூத்தி நாலு, நாப்பத்தி மூணு, அறுபத்தி ஏழு, பன்னெண்டு, எண்பது. போகுதா?

என்ன, போனை என் கையில குடுக்கீங்க? நீங்க பேசுங்க டீச்சர். நான் எப்படிப் பேசுவேன்? எடுத்துட்டாரு, எடுத்துட்டாரு, பிடிங்க. டீச்சர்.

அலோ.

யாருன்னா கேக்கீங்க? குரல் தெரியலையா அண்ணாச்சி?

நான்தான். செண்பகவல்லி.